ஐந்து ரூபாயில் இருந்த மாமா

கடைக்கு வருகிறவர்களின் முகத்தைவிட அவர்கள் நீட்டும் நோட்டைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை. சோப்பு, சீப்பு, பீடி, வாழைப்பழம் என்று சின்ன வியாபாரம். நிமிர்ந்து முகம் பார்த்துப் பேச எனக்குச் சிறுவயதிலிருந்தே கூச்சம். நோட்டிடம் அந்தத் தொல்லை இல்லை. எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும், என்னடா பார்க்கிறாய் என்று அது கேட்காது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. தேசத்தைப் பற்றிப் புத்தகத்தில் தெரிந்துகொண்டதைவிட ரூபாய் நோட்டின் பின்பக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டதே எனக்கு அதிகம். எண்பதுகளில் ஒரு ரூபாய்த் தாளில் கடலுக்கு நடுவே ஓர் இரும்புக் கோபுரம் நிற்கும். அங்கே எண்ணெய் எடுக்கிறார்கள் என்று வாத்தியார் சொன்னார். எந்த எண்ணெய் என்று கேட்கக் கூச்சமாக இருந்ததால் பல நாள் அதை நல்லெண்ணெய் என்றே நினைத்திருந்தேன். இரண்டு ரூபாயில் வானத்தில் மிதக்கிற பெட்டி ஒன்று, சாட்டிலைட்டாம். ஐந்து ரூபாயில் சூரியன் எழும்ப, ஓர் ஆள் டிராக்டரில் உழுதுகொண்டிருப்பார். பத்து ரூபாயில் மயில். நூறு ரூபாயில் என்ன இருந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அது எங்கள் வீட்டுக்கு வந்தால் அன்றைக்கே கிளம்பிவிடும். ஆற அமரப் பார்க்க விட்டதில்லை.

தன்னிடம் இருக்கிற சாமான்களையெல்லாம் அரசாங்கம் இப்படிப் படம் போட்டுக் காட்டுகிறது என்று நினைத்தேன். அவற்றில் எங்கள் ஊரில் இருந்தது மயில் மட்டும்தான். அதுவும் விதைத்த கடலையைக் கிளறித் தின்கிற மயில். அப்புறம் ஒரு மழைக்காலத்தில் டிராக்டரும் வந்தது. அதை ஓட்டி வந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி.

எங்கள் ஊர் திருச்சுழிக்குக் கிழக்கே இருக்கிறது. மழை பெய்தால் பருத்தி, மிளகாய், சோளம். பெய்யாவிட்டால் கருவேலமுள். மாமாவுக்குச் சொந்தமாக நிலம் கிடையாது. டிராக்டரும் அவருடையது இல்லை. அருப்புக்கோட்டையில் ஜின்னிங் பாக்டரி வைத்திருந்த ஒரு முதலாளியுடையது. முதல் மழை விழுந்ததும் மாமா அதை ஊர் ஊராகக் கொண்டுபோய் வாடகைக்கு உழுது கொடுப்பார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நான் மட்கார்டின் மேல் உட்கார்ந்திருப்பேன். சக்கரத்தின் அதிர்வு தொடையில் ஏறி, வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்த பிறகும் உடம்பு ஆடிக்கொண்டிருப்பதுபோல இருக்கும்.

மாமா பெரியவர்களிடம் பேச மாட்டார். யாராவது ஏதாவது கேட்டால் கழுத்தைச் சொறிவார். நல்லா இருக்கியாப்பா என்று கேட்டாலும் கழுத்துத்தான். ஆனால் டிராக்டர் ஓடத் தொடங்கி, பக்கத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை என்றால் வாய் ஓயாது. மனிதர்களிடம் பேசாமல் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் என்மேல் கொட்டினார்.

ஒருநாள் உழவு முடிந்து, நிலத்துக்காரர் வாடகைப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். மாமா மேலாக இருந்த ஐந்து ரூபாய்த் தாளை உருவி என் கையில் கொடுத்தார்.

"இதுல யாரு இருக்கான்னு பாரு மருமகனே."

டிராக்டர் இருக்கிறது என்றேன். டிராக்டருக்கு மேலே என்று கேட்டார். ஓர் ஆள் என்றேன். எந்த ஆள் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். மாமா முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டார்.

"சொந்தத் தாய்மாமனைத் தெரியலைங்கிறியே. உங்கம்மா கேட்டா எம்புட்டு வருத்தப்படும்."

அதன்பிறகு அந்தக் கதை ஒவ்வோர் உழவிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. டில்லியிலிருந்து தொப்பி போட்ட ஒருவர் ஜீப்பில் வந்தாராம். இந்தியா முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு, கோணாமல் உழுகிற ஆள் இவர்தான் என்று மாமாவைக் கண்டுபிடித்தாராம். சூரியன் எழும்பும்போதுதான் வரைவேன், அசையக் கூடாது என்று சொல்லி, இருட்டோடு மாமாவை டிராக்டரில் ஏற்றி உட்கார வைத்தாராம். நடுவில் ஓர் ஈ வந்து மாமாவின் மூக்கில் உட்கார்ந்ததாம். தேசத்துக்காகப் பொறுத்துக்கொண்டாராம்.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. படத்தில் அந்த ஆளின் முகம் ஒரு கேப்பை மணி அளவுகூட இல்லை. அது நீங்கள்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நான்தான் மூஞ்சியச் சின்னதாப் போடுங்கன்னு கேட்டுக்கிட்டேன். ஊரு உலகமெல்லாம் மடியில வச்சுக்கிட்டுத் திரியுற நோட்டு. கூச்சமா இருக்காதா?"

அந்தப் பதிலில்தான் நான் முழுசாக விழுந்தேன். என் மாமாவை எனக்குத் தெரியும். அப்படித்தான் கேட்டிருப்பார்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு மாமா எனக்கு மடிப்பே விழாத புதுத் தாள் ஒன்றைக் கொடுத்தார். செலவழித்துவிடாதே, உள்ளே நான் இருக்கிறேன் என்றார். கீர்த்தனைப் புத்தகத்துக்குள் அதை வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டுக்குப் பக்கம் புரட்டும்போது மாமா தெரிவார். பக்கத்து வரிசையில் நிஜ மாமா, வாயை அசைத்துச் சத்தம் வராமல் பாடிக்கொண்டிருப்பார்.

இந்த மாமாவுக்குத்தான் அம்மா பெண் தேடினாள். இரண்டு வீடு போய்வந்தாயிற்று. இரண்டு வீட்டிலும் மாமாவுக்கு நிலம் எவ்வளவு என்று கேட்டார்கள், அதோடு பேச்சு நின்றது. மூன்றாவதாக, எங்கள் ஊர்ச் சபையைக் கவனித்துக்கொண்ட உபதேசியார் பாலவனத்தத்தில் ஓர் இடம் சொன்னார். அப்பா இல்லாத பெண், பெரியப்பா வைத்ததுதான் சட்டம் என்றார். போவதற்கு முந்தின நாள் மாமா அம்மாவிடம் தலையைக் குனிந்துகொண்டே சொன்னதை நான் கேட்டேன்.

"இதுவும் அமையலைன்னா விட்ருக்கா. பம்பாய்ல லாரிக்கு ஆளு கேக்குறாக. நான் போறேன்."

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். எனக்கு மட்கார்டு ஞாபகம் வந்தது. பம்பாய் எவ்வளவு தூரம் என்று தெரியாது. ஆனால் மட்கார்டில் உட்கார்ந்து போகிற தூரம் இல்லை என்பது தெரிந்தது. மறுநாள் கிளம்பும்போது ஐந்து ரூபாயை எடுத்துச் சட்டைப் பையில் வைத்து, விழாமல் ஊக்குக் குத்திக்கொண்டேன். நிலம் எவ்வளவு என்று கேட்கிறவர்களுக்கு இந்த விஷயம் தெரியாது. தெரிந்தால் கேட்க மாட்டார்கள். இவ்வளவு பெரிய சங்கதியை அம்மாவும் மாமாவும் ஏன் சொல்லாமலே வந்தார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

அம்மா, மாமா, உபதேசியார், நான் என்று நான்கு பேர் கிளம்பினோம். அப்பாவுக்குப் பருத்தியில் மருந்தடிக்கிற வேலை இருந்தது. அருப்புக்கோட்டையில் இறங்கி விருதுநகர் பஸ் ஏறியதும் அம்மா எனக்குப் பாடம் நடத்தினாள். அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. காப்பி குடிக்கலாம், காராச்சேவு எடுக்கலாம். சோறு மட்டும் ஆகாது. பெண் கொடுக்கச் சம்மதம் என்றால்தான் சோறு. அப்போது அவர்களே சேவல் அடித்துக் குழம்பு வைப்பார்கள்.

"சம்மதம்னு எப்படிம்மா தெரியும்?"

"சாவலைப் பிடிச்சாகன்னா சம்மதம். பிடிக்கலைன்னா பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சிரணும். நீ வாயத் தெறக்காம இரு."

பெண் வீட்டு முற்றத்தில் ஒரு சேவல் நின்றது. செவலை நிறம். வால் மட்டும் பச்சையும் கறுப்புமாக வளைந்து, தன் கையில்தான் அந்த வீடே இருக்கிறது என்பதுபோல நடந்துகொண்டிருந்தது. ஒருவகையில் அது உண்மைதான். நாங்கள் உள்ளே பாயில் உட்கார்ந்தோம். வாசல் வழியாக முற்றம் முழுசும் தெரிந்தது. உபதேசியார் ஜெபம் பண்ணினார். ஈசாக்குக்குப் பெண் பார்த்ததில் தொடங்கி வேதாகமத்தில் உள்ள கல்யாணம் ஒன்றையும் அவர் விடவில்லை. காராச்சேவுத் தட்டு நடுவில் காத்திருந்தது.

பெண்ணின் பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாலிப வயதில் ரங்கூனில் அரிசி மில்லில் வேலை பார்த்து, சண்டைக்காலம் முழுக்க அங்கேயே இருந்துவிட்டுக் கப்பலேறி வந்தவர் என்று உபதேசியார் வழியிலேயே சொல்லியிருந்தார். அவர் மாமாவை மேலிருந்து கீழாகப் பார்த்தார். மாமா கழுத்தைச் சொறிந்தார்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பெண் வந்து காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றது. பெண்ணின் அம்மா முற்றத்தில் கொஞ்சம் சோளத்தை விசிறி, "பா... பா..." என்று சேவலைக் கூப்பிட்டார். சேவல் பக்கத்தில் வந்தது. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். சந்தோஷத்தில் கிள்ளியது என்பதால் வலி கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

"தம்பிக்கு நெலம் எம்புட்டு?" என்றார் பெரியப்பா.

அம்மா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "பூர்வீகம் ரெண்டு குறுக்கம் இருக்குங்கய்யா" என்றாள். குறுக்கம் என்றால் எங்கள் பக்கத்தில் ஏக்கர் மாதிரி ஒரு கணக்கு. அந்த ரெண்டு குறுக்கத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

"ரெண்டு குறுக்கத்துக்கு டிராக்டரா ஓட்டுறாரு?"

"அது மொதலாளியதுங்க. கர்த்தர் நல்ல கை காலக் குடுத்திருக்காரு, பொழச்சுக்கிருவாரு" என்றார் உபதேசியார்.

"கை கால எல்லாருக்குந்தான் குடுத்திருக்காரு அய்யா. நெலத்தத்தான் பாத்துப் பாத்துக் குடுத்திருக்காரு."

முற்றத்தில் பெண்ணின் அம்மா கையை ஓங்கிச் சேவலை விரட்டினார். அது இறக்கையை அடித்துக்கொண்டு குப்பைமேட்டுப் பக்கம் ஓடியது. அம்மா அதையே பார்த்தாள். உபதேசியாரும் பார்த்தார். அவர் மெல்லக் கையை நீட்டித் தன் பையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

எனக்குப் பம்பாய் கண்ணில் தெரிந்தது. எழுந்து நின்றேன். வாழ்க்கையில் பெரியவர்கள் கூட்டத்தில் நானாக எழுந்து நின்றது அந்த ஒருமுறைதான்.

"எங்க மாமா படம் ரூவா நோட்டுல போட்டிருக்கு."

நான் ஊக்கைக் கழற்றி, தாளை எடுத்துக்கொண்டுபோய்ப் பெரியப்பாவின் கையில் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்பக்கம் பார்த்தார். நான் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

"இதுல எங்கலே உங்க மாமா?"

"டிராக்டர் மேல."

"மூஞ்சியே இல்லையேடா."

"எங்க மாமாவுக்குக் கூச்சம். அதான் மூஞ்சியச் சின்னதாப் போடச் சொல்லிட்டாக."

கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு கிளம்பி, யாரோ வாயைப் பொத்தியதுபோல நின்றது. பெரியப்பா சிரிக்கவில்லை. காடு மேட்டைக் கிரயம் பண்ண வந்தவர்போல நோட்டை நிதானமாக அளந்தார்.

"உழுகுற நெலம் பச்சையா இருக்கு. நம்ம பக்கம் உழுகுறப்ப எந்த நெலம்லே பச்சையா இருக்கும்? பனை ஒண்ணக் காணோம். திருச்சுழிப் பக்கம் பனை இல்லாத வானம் எங்கிட்டு இருக்கு?"

"டில்லிக்காரருக்குப் பனை வரையத் தெரியலையாம்" என்றேன். இது மாமா சொன்னது இல்லை. அங்கே நின்றபடி நானே கட்டியது. மாமாவின் கதையில் நானும் ஒரு செங்கல் வைத்த பெருமை எனக்கு.

திரும்பி மாமாவைப் பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா எழுந்துபோய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தார். அதற்குள்ளிருந்து பழைய நோட்டு இரண்டை எடுத்து மடியில் விரித்தார். விஷயம் கல்யாணத்தை விட்டு எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. ஆனால் அவருக்கு அது கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது.

முதல் தாளில் கிரீடம் வைத்த வெள்ளைக்கார ராஜாவின் தலை இருந்தது. "ரூவான்னா இது ரூவா" என்றார். இரண்டாவதில் உச்சி கூர்மையான ஒரு கோயில். "சப்பான்காரன் ரங்கூனுக்குள்ள வந்ததும் அடிச்ச நோட்டு இது. அந்த ஊருப் புத்தர் கோயிலையே படமாப் போட்டு அந்த ஊருக்காரன் கையிலயே குடுத்தான், நம்மது தானேன்னு வாங்கிக்கிருவாகன்னு. சண்டை முடிஞ்ச மறுநாள் இதுக்கு ஒரு பீடி தரல. ஏன் சொல்லு? தலை இல்ல. சொதந்திரம் வந்ததும் சிங்கத்தப் போட்டாக. சரி, சிங்கமும் ராசா சாதிதான். டிராக்டர் ஓட்டுறவன எவனாச்சும் ரூவாயில போடுவானா?"

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் வந்தது.

"ஏன் பெரியப்பா, அந்த ராசாவ நீங்க நேர்ல பாத்திருக்கீகளா?"

"அவரு சீமையில இருந்தாரு. நான் எங்கிட்டுப் போயிப் பாக்க?"

"பாக்காமலே இது அவரு மூஞ்சிதான்னு நம்பிட்டீக. இவுக நேர்லயே வந்து உக்காந்திருக்காக. நம்ப மாட்டேங்கிறீக."

உபதேசியார் சத்தமாகச் சிரித்துவிட்டார். அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. பெரியப்பா பதில் தேடிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் நிற்கவில்லை.

"ராசாதான் போயிட்டாரே. அந்த எடத்துல உழுகுற ஆளு இருந்தா என்ன தப்பு? இருக்காதுன்னு எப்படிச் சொல்லுவீக?"

முற்றத்துப் பக்கம் பார்த்தேன். சேவல் குப்பைமேட்டிலிருந்து இறங்கித் திரும்ப நடந்து வந்துகொண்டிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். பெண்ணுக்கே விஷயம் புரிந்துவிட்டது. மாமா இனி ஒன்றும் செய்ய வேண்டாம். தலையை ஆட்டினால் போதும். ஆட்டக்கூட வேண்டாம், கழுத்தைச் சொறிந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

மாமா எழுந்து நின்றார். கைகள் இரண்டும் முதல்முறையாகக் கழுத்தைவிட்டுக் கீழே இருந்தன.

"அய்யா, அது நான் இல்ல. புள்ளைக்கு வெளையாட்டுக்குச் சொன்னேன். அவன் நெசம்னு நம்பிட்டான், அவன் மேல தப்பு இல்ல. ரெண்டு குறுக்கமும் இப்ப இல்ல. அக்கா கல்யாணத்துக்கு வித்தாச்சு. டிராக்டர் மொதலாளியது. சம்பளத்துக்குத்தான் ஓட்டுறேன்." மூச்சு வாங்கினார். "ஆனா நல்லா ஓட்டுவேன்."

மாமா பெரியவர்களிடம் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். பெரியப்பா அவரையே பார்த்தார்.

"நான் கேட்டப்ப ஏன் தம்பி இதச் சொல்லல?"

"அக்கா பேசிக்கிட்டிருந்துச்சு. இடையில பேசிப் பழக்கம் இல்லீங்க."

உபதேசியார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்ல வாயெடுத்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையில் வந்ததை இந்த மனிதர் தானே எடுத்துக் கொட்டிவிட்டார். அதுவும் எல்லார் முன்னாலும் என்னைப் பொய்க்காரனாக்கிவிட்டு. உள்ளே பெண்ணும் பெண்ணின் அம்மாவும் ஏதோ குசுகுசுத்தார்கள். பிறகு பெண்ணின் அம்மா வெளியே வந்தார். எங்கள் யாரையும் பார்க்காமல் நேராக முற்றத்துக்குப் போனார். சுவரோரம் கவிழ்ந்திருந்த பஞ்சாரக் கூடையைத் தூக்கி, சோளம் பொறுக்கிக்கொண்டிருந்த சேவலின் மேல் ஒரே அமுக்காகக் கவிழ்த்தார்.

உள்ளிருந்து சேவல் போட்ட சத்தத்தில் பேச்சு நின்றது.

"ஏத்தா, நான் இன்னும் ஒரு வார்த்தையும் சொல்லலையே" என்றார் பெரியப்பா.

"அவ சொல்லிட்டா மச்சான்" என்றார் பெண்ணின் அம்மா. "கத்தி எங்க இருக்குன்னு பாருங்க."

பெரியப்பா கொஞ்ச நேரம் தன் மடியிலிருந்த ராஜாவைப் பார்த்தார். அப்புறம் எழுந்து கத்தி தேடப் போனார்.

நான் கோபத்தில் சாப்பிட மாட்டேன் என்று சொல்லி முருங்கை மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். குழம்பு கொதிக்கிற வாசனை வரும்வரை என் கோபம் உறுதியாக நின்றது. கால் துண்டு எனக்குத்தான் வைத்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் பையைத் தொட்டுப் பார்த்தபோது நோட்டு இல்லை. பெரியப்பா ஞாபகமில்லாமல் அதை ராஜாவோடும் ஜப்பான்காரனோடும் சேர்த்து டப்பாவுக்குள் போட்டுவிட்டிருந்தார். அந்தப் பெண், என் அத்தையாகப் போகிறவர், அதை எடுத்துக்கொண்டு வந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அந்தக் கேப்பை மணி முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"உங்க மாமா மாதிரியேதான் இருக்கு" என்று சொல்லி என் பையில் வைத்து ஊக்கைக் குத்திவிட்டார். இவருக்காவது தெரிந்ததே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மருமகனுக்குக் கோவமா?"

"நீங்க ஏன் அது நான் இல்லைன்னு சொன்னீக?"

மாமா கழுத்தைச் சொறிந்தார். "கூச்சமா இருந்துச்சு" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. அதனால் அந்தப் படத்தில் இருப்பது மாமாதான் என்று மேலும் சில காலம் நான் நம்பினேன். அந்த வீட்டில் மாமா சொன்னதுதான் பொய் என்பது என் கணக்கு. பள்ளிக்கூடத்தில் கமுதிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த ஒரு பையன், அது அவனுடைய சித்தப்பா என்று சொன்னபோது சட்டை கிழியச் சண்டை போட்டோம். அவனும் சும்மா சொல்லவில்லை. அவனுக்கும் ஒரு டில்லிக்காரர், ஒரு ஜீப், எல்லாம் இருந்தது. முகத்தை அவ்வளவு சின்னதாகப் போட்டதில் அரசாங்கத்துக்கு இருந்த சௌகரியம் இப்போது யோசித்தால் புரிகிறது. ராஜாவின் தலையில் ராஜா மட்டும்தான் இருக்க முடியும். இந்த டிராக்டரில் யார் வேண்டுமானாலும் தன் ஆளை ஏற்றிக்கொள்ளலாம். டிராக்டர் எல்லார் காட்டுக்கும் வருவதற்கு முன்பே ரூபாய்க்குள் வந்துவிட்டது. இருப்பதைவிட இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்ததைத்தான் அவர்கள் அச்சடித்திருக்கிறார்கள். என் மாமா செய்ததும் ஏறக்குறைய அதே காரியம்தான்.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம் புது நோட்டுகள் வந்தன. வட்டக் கண்ணாடி போட்ட தாத்தா ஒவ்வொன்றிலும் சிரித்தார். பாலவனத்தத்துப் பெரியப்பா அப்போது படுக்கையோடு இருந்தார். பார்க்கப் போன எங்களிடம் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பத்து ரூபாயை எடுத்துக் காட்டி, தலை இல்லாத ரூபாய் நிற்காது என்று நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா என்று கேட்டார். "இவரு ராசா இல்லையே பெரியப்பா, சட்டைகூடப் போடாதவரு" என்றார் அத்தை. பெரியப்பா அதற்கும் பதில் தேடிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் அத்தையிடம் நான் கேட்டேன். அன்றைக்கு எனக்காகப் பெரியப்பாவை எதிர்த்துப் பேசினீர்களே, நீங்களும் நிஜமாக நம்பினீர்களா என்று.

அத்தை சிரித்தார். மாமா வருவதற்கு முன்னால் வேறொருவர் அவரைப் பெண் பார்க்க வந்திருக்கிறார். கவர்மெண்ட் பஸ்ஸில் டிரைவர் என்று சொல்லி, காக்கிச் சட்டையோடு வந்திருக்கிறார். அவருக்கும் ஒரு சேவல் அடித்துச் சோறு போட்டிருக்கிறார்கள். பிறகு விசாரித்தால், சட்டையே இரவல்.

"நான் பெரியப்பாகிட்டயா கேட்டேன்? உங்க மாமா என்ன சொல்றாகன்னு பாக்கத்தான் அம்புட்டும் பேசுனேன். ஆமா நான்தான்னு அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாகன்னா, அந்தச் சாவல் பொழச்சிருக்கும்."